கேபிள் வயரும் சாதிச் சான்றிதழும்

பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நம்ம அறிவுஜீவிகள் கூட்டம் போட்டால் சொல்லும் கதைகளுக்கு ஒரு வரிசை உண்டு. 1975 நெருக்கடி நிலை, தணிக்கை அதிகாரிகள். 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் அட்டை ஜோக்குக்காக அதன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை கொடுத்த மூன்று மாதக் கடுங்காவல். 2003 நவம்பரில் இந்து நாளேட்டுக்காரர்களைக் கைது செய்ய அதே சட்டசபை போட்ட உத்தரவு. எல்லாம் நடந்ததுதான், எல்லாம் அநியாயம்தான். நானும் அந்தக் கூட்டங்களில் கை தட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளில் இரண்டே பேர்தான் வருவார்கள். ஒருத்தர் அரசாங்கம், இன்னொருத்தர் பத்திரிகை முதலாளி. யார் யாரை அடித்தார், யார் திருப்பி அடித்தார் என்று பேசி முடித்து, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

அன்னூருக்குக் கிழக்கே இருக்கிற எங்க வளவிலிருந்து பார்த்தால் மூணாவதாக ஒரு ஆள் தெரிவார். ஊர். கொங்கு நாட்டில் ஊர் என்றால் கவுண்டர்கள் குடியிருக்கிற இடம். நாங்க இருக்கிறது ஊர் ஆகாது. ஊர்க்காரர் வாயில் அது சக்கிலிவளவு, பஞ்சாயத்துப் பதிவேட்டில் அருந்ததியர் காலனி. அரசாங்கம் போடுகிற எந்தச் சட்டமும், முதலாளி இழுக்கிற எந்த வயரும் ஊரைத் தாண்டித்தான் எங்களுக்கு வந்து சேரவேண்டும். நான் எழுதப்போவது அந்த வயரைப் பற்றி.

சின்ன வயசில் எங்களுக்குக் கிடைத்தது பஞ்சாயத்து ரேடியோ. பஞ்சாயத்து ஆபீஸ் உச்சியில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் பொழுதோட கோவை வானொலி பாடும். சத்தத்துக்குத் தீட்டு ஒட்டாது. காற்று எங்க பக்கம் திரும்பினால் வளவு வரைக்கும் செய்தி கேட்கும். எங்கப்பன் செருப்புத் தைத்துக்கொண்டே பிரதமர் எங்கே போனார், மந்திரி என்ன சொன்னார் என்பதெல்லாம் கேட்டு வைத்திருப்பார். எண்பதுகளின் கடைசியில் பஞ்சாயத்துக்கு டி.வி. வந்தது. டி.வி. என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். மாரியாத்தா கோயிலுக்கு எதிரில் ஒரு சின்ன அறை, அதற்கு முன்னால் மணல். ஊர்ப் பிள்ளைகள் மணலில் உட்காரும். நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நிற்போம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. அந்த டி.வி. அரசாங்கப் பணத்தில் வாங்கியது. நாங்கள் மணலில் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டசபையும் தீர்மானம் போடவில்லை.

அப்புறம் கேபிள் வந்தது. ஊருக்குள் வயர் வந்து ஏழெட்டு வருசம் கழித்துத்தான் வளவுக்கு வந்தது. ‘அம்பது வீட்டுக்காகத் தனியா ஒரு ஆம்ப்ளிபயர் வைக்கோணும், கட்டுபடி ஆகாது’ என்றார் கேபிள்காரர். ஆனால் அவரிடம் வேலைக்குப் போனது என் தம்பிதான். கம்பம் ஏறுகிறதும் வயர் இழுக்கிறதும், மழை நேரத்தில் ஷாக் அடிக்கிற ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கிறதும் அவன். ஊருக்குள் ஒரு வீடு பாக்கியில்லாமல் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறான். ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. ஜன்னல் வழியாக வயரை உள்ளே தள்ளிவிட்டு வெளியே நிற்பான். பத்து வயசுக் கவுண்டர் பையன் உள்ளேயிருந்து வயர் முனையைப் பிடித்து டி.வி.யில் சொருகுவான். ‘டேய், படம் வரலீடா’ என்பான் அந்தப் பையன். ‘சித்தெ திருப்பிப் பாருங்க சாமி’ என்பான் என் தம்பி. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயசு, இரண்டு குழந்தைக்குத் தகப்பன்.

அந்த வயர் வழியாக முதலில் வந்ததெல்லாம் சின்னக் கவுண்டர், நாட்டாமை. திரும்பத் திரும்பப் போடுவார்கள். சாதி, மத உணர்வைப் புண்படுத்தக் கூடாது என்று சினிமாத் தணிக்கைக்கும் விதி இருக்கிறது, கேபிள் டி.வி.க்கு 1994இல் போட்ட நிகழ்ச்சி விதியிலும் இருக்கிறது. கவுண்டர் தீர்ப்பு சொன்னால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கதையில் யாருக்கும் எதுவும் புண்படவில்லை. எங்க வளவுப் பையன்களே விசில் அடித்துத்தான் பார்த்தார்கள். வீட்டுக்குள்ளே நாங்க பேசுகிற தெலுங்கு எந்தச் சேனலிலும் வந்ததில்லை என்பது தனிக்கதை.

கேபிளுக்கான மத்தியச் சட்டம் 1995இல் வந்தது. கேபிள்காரர் பதிவு செய்யவேண்டும், தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டவேண்டும், விதிக்கு மாறான நிகழ்ச்சியை மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ நிறுத்தலாம். அதே வருசம் பிப்ரவரியில்தான் அலைவரிசை பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பெரிய தீர்ப்பு, சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் பாடம். ஆனால் பொதுச்சொத்து என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது ஊர்ப் பொதுக்கிணறு.

2004இல் எங்க பக்கத்து ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை முறைக்கு எதிராக மனு கொடுத்தோம். எங்களுக்குச் சிரட்டை போய்ப் பிளாஸ்டிக் டம்ளர் வந்திருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றிலிருந்து கேமராவோடு வந்தார்கள். கடையைப் படம் பிடித்தார்கள், என்னையும் பேசச் சொன்னார்கள். பொழுதோட வளவே என் மாமன் வீட்டு டி.வி. முன்னால் கூடி உட்கார்ந்தது. நகைக்கடைத் திறப்பு வந்தது, கோயில் கும்பாபிஷேகம் வந்தது, செய்தி முடிந்தது. மறுநாள் கேட்கப் போனேன். சேனல் நடத்தியவர் கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன், உட்காரச் சொல்லித்தான் பேசினார். ‘தப்பா எடுத்துக்காதீங்க. நோம்பிக்கு வெளம்பரம் பூராவும் அவியகிட்டத்தானுங்க வாங்கோணும்’ என்றார். கலெக்டர் தடுக்கவில்லை, கமிஷனர் தடுக்கவில்லை. 1995ஆம் வருசச் சட்டத்தை எடுத்துப் புரட்டவேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை.

மேலே, கோட்டையில் நடந்த சண்டை வேறு. தமிழ்நாட்டுக் கேபிள் தொழில் பெரும்பகுதி சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கையில் இருந்தது. சன், கலைஞருக்குப் பேரன் முறையாகும் மாறன் சகோதரர்களுடையது. 2006 ஜனவரியில், தேர்தலுக்கு நாலு மாசம் இருக்கும்போது, கேபிள் கம்பெனிகளை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவை ஜெயலலிதா அரசு சட்டசபையில் நிறைவேற்றியது. பொதுநலத்துக்காக என்றார்கள். ஐந்து வருசம் ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பொதுநலம் கடைசி நாலு மாசத்தில் ஞாபகம் வந்தது. கவர்னர் ஒப்புதல் கிடைக்கவில்லை, ஆட்சியும் மாறியது. புது ஆட்சி இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. எங்க வளவில் எல்லா வீட்டுக்கும் வந்தது. ‘ஏங் கண்ணு, பொட்டிய மட்டும் குடுத்திருக்கறாங்க, படம் வருமா?’ என்று கேட்டாள் எங்கம்மா. பெட்டி சும்மா, படம் மாசம் நூத்தம்பது ரூபாய். அந்த ரூபாய் யாருக்குப் போகிறது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பிறகு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வெடித்தது. 2007 மே 9ஆம் தேதி, அடுத்த வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பைத் தினகரன் போட்டதற்காக மதுரையில் அந்தப் பத்திரிகை ஆபீஸ் கொளுத்தப்பட்டது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் செத்தார்கள். அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் பிறந்தது. தஞ்சாவூர், வேலூர், திருநெல்வேலி, நம்ம கோயம்புத்தூர் என்று நாலு ஊரில் கட்டுப்பாட்டு நிலையம். ஆக, ஒரு கட்சி ஆட்சியில் மசோதாவாக இருந்தது, எதிர்க்கட்சி ஆட்சியில் கார்ப்பரேஷனாக வந்தது. இரண்டு பேரும் எதிராளி என்று நினைத்தது ஒரே ஆளை. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. கண்கள் பனித்தன, இதயம் இனித்தது என்றார் கலைஞர். கோடிக்கணக்கில் அரசுப் பணம் போட்டு வாங்கிய கருவிகள் தூசி படிந்து கிடந்தன.

இந்த இடத்தில்தான் உமாசங்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்முடைய பத்திரிகைச் சுதந்திரக் கூட்டங்களில் இந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. 1990ஆம் வருசத்து ஐ.ஏ.எஸ்., தலித். மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தபோது சுடுகாட்டுக் கொட்டகை ஊழலை எழுதி மேலே அனுப்பியவர். திருவாரூரில் கலெக்டராக இருந்தபோது தாலுகா ஆபீஸ் வேலைகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர். அவரை அரசு கேபிள் கார்ப்பரேஷனுக்கு நிர்வாக இயக்குநராகப் போட்டார்கள். அவர் வேலையை வேலையாகவே எடுத்துக்கொண்டார். அரசு கேபிளின் வயர்கள் அங்கங்கே வெட்டப்படுகின்றன, வெட்டுகிறவர்கள்மேல் நடவடிக்கை எடுங்கள், சுமங்கலியை அரசுடைமை ஆக்குங்கள் என்று எழுதினதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதாவது, கேபிளை ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று அரசாங்கம் ஊருக்குச் சொன்னதை அவர் நிஜம் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். 2010 ஜூலையில் சஸ்பெண்ட் ஆனார்.

என்ன காரணம் என்று பாருங்கள். கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்து தலித் என்று பொய்யாகச் சாதிச் சான்றிதழ் வாங்கி வேலையில் சேர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. இருபது வருசம் சர்வீஸ் போட்ட ஒரு கலெக்டரின் சாதியில் அன்றைக்குத்தான் அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. தான் வெளியே கொண்டுவந்த முறைகேடுகளுக்கான பழிவாங்கல் இது, அதில் கேபிள் விவகாரமும் உண்டு என்றார் அவர்.

செய்தி வந்த வாரம் நாங்கள் அஞ்சாறு பேர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் துண்டறிக்கை கொடுத்தோம். ஒரு ஆள், பார்த்தால் வாத்தியார் மாதிரி இருந்தார், நின்று நிதானமாக முழுசும் படித்தார். சந்தோசமாக இருந்தது. படித்து முடித்துவிட்டு, ‘சரீங்க, அப்ப அவரு நெசமாலுமே எஸ்.சி.தானுங்களா?’ என்றார். கேபிள் யாருடையது, வயரை வெட்டினது யார், இத்தனை கோடி அரசுப் பணம் என்ன ஆனது என்றெல்லாம் அறிக்கையில் எழுதியிருந்தோம். அந்தக் கேள்வி எதுவும் அவரிடம் இல்லை. அரசாங்கம் எதைக் கேட்கவேண்டும் என்று நினைத்ததோ அதையே கேட்டுவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப் போனார். ஊடகத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் பத்திரிகையை மூடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேள்வியை மாற்றிவிட்டாலும் போதும் என்பதை அந்த பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் என்பது என்னவென்று தெரியும். என் ஒன்பதாம் வகுப்புக்காக எங்கம்மா கூலியை விட்டுவிட்டு மூன்று நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் தண்ணி குடிக்கப் போனால் யாரும் எங்களிடம் சான்றிதழ் கேட்டதில்லை. பார்த்ததும் தெரிந்துவிடும் அவர்களுக்கு. படிப்பு, வேலை, பதவி என்று போனால் மட்டும் நீ அந்தச் சாதிதானா என்று நிரூபிக்கவேண்டும். விகடன் ஆசிரியரைச் சிறையில் போட்டவர்கள் அவருடைய சாதியை விசாரிக்கவில்லை. அவர் வெளியிட்டதை வைத்துத்தான் தண்டித்தார்கள். அந்த மரியாதைகூட உமாசங்கருக்குக் கிடைக்கவில்லை. தலித் அமைப்புகளும் சில கட்சிகளும் தெருவுக்கு வந்தபிறகு, அதே வருசத்தில் சஸ்பென்சன் ரத்தானது. பின்னாளில் அவர் மதப் பிரசங்கத்துக்குப் போய் அதில் அரசோடு மோதிக்கொண்டார். அதற்காக 2010இல் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது.

2011இல் ஆட்சி மாறியது. செப்டம்பர் 2ஆம் தேதி அரசு கேபிளை ஜெயலலிதா மறுபடியும் தொடங்கினார். மாசம் 70 ரூபாய்க்கு 90 சேனல். பொய் சொல்லக்கூடாது, எங்க வளவுக்கு அது லாபம். மாசம் எண்பது ரூபாய் மிச்சமானால் அது ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புஸ்தகம். ஆனால் ஆரம்பத்தில் சன் சேனல்கள் அதில் இல்லை. எங்கம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் பாதியில் நின்றது. ‘அவிய அவிய சண்டையில என்ற நாடகத்தை எதுக்குக் கண்ணு நிறுத்தோணும்?’ என்றாள். டிராய் ஆணையம் 2008இலும் 2012இலும், மாநில அரசுகள் கேபிள் தொழில் நடத்தக்கூடாது, செய்தி போகிற வழி ஆளும் கட்சி கையில் சிக்கும் என்று பரிந்துரை எழுதியது. எங்கம்மா சொன்னதை ஆணையம் இங்கிலீஷில் சொன்னது. இரண்டு பேர் சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. 2017இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் லைசென்சும் கிடைத்தது, இலவச செட்டாப் பாக்ஸும் வந்தது.

அது எதற்கு உதவும் என்பது கோயம்புத்தூரிலேயே தெரிந்தது. 2018 ஜூன் 8ஆம் தேதி புதிய தலைமுறை இங்கே ஒரு அரங்கில் வட்டமேசை விவாதம் நடத்தியது. டைரக்டர் அமீர் பேசியதை எதிர்த்து பா.ஜ.க.வினரும் இந்து அமைப்பினரும் ரகளை செய்தார்கள். கூட்டம் பாதியில் நின்றது. போலீஸ் வழக்குப் போட்டது, ரகளைக்காரர்களோடு நிறுத்தவில்லை. சேனல்மேல், அதன் கோவை செய்தியாளர்மேல், அமீர்மேல், காங்கேயம் எம்.எல்.ஏ. தனியரசுமேல். அதே நாட்களில் அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. தம்பிதான் முதலில் எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். ‘அண்ணா, சேனலக் காணோம்னு வீட்டுக்கு வீடு கூப்படறாங்க. கட் பண்ணுல, நம்பர மாத்தி எங்கியோ கடைசீல போட்டுட்டாங்க.’ தணிக்கை அதிகாரி வேண்டியதில்லை, தடை உத்தரவு வேண்டியதில்லை, கோர்ட்டுக்குப் போகக் காகிதமே இல்லை. ரிமோட்டில் கட்டைவிரல் எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் போதும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைப்பதை நாங்கள் பார்த்தவர்கள்தானே, சட்டென்று புரிந்துவிட்டது.

அடுத்த வருசம் இன்னொரு கூத்து. உடுமலை ராதாகிருஷ்ணன் அமைச்சராக இருந்துகொண்டே அரசு கேபிளுக்குத் தலைவரானார். அவர் முதலில் தன்னிடமிருக்கும் கேபிள் இணைப்புகளை அரசு கேபிளுக்கு மாற்றட்டும் என்று தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மணிகண்டன் வெளிப்படையாகப் பேசினார். 2019 ஆகஸ்டில் பதவி போனது, பேசினவருக்குத்தான்.

அந்த 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியால மேட்டுப்பாளையம் நடூரில் இருபதடி உயரச் சுவர் விழுந்து நம்ம சனம் பதினேழு பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். நான் மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த பொம்பளைகள் அதைத் தீண்டாமைச் சுவர் என்று சொன்னார்கள். பொழுதோட டி.வி.யில் பார்த்தால் பல சேனல்களில் மழைக்குச் சுற்றுச்சுவர் இடிந்தது. நியாயம் கேட்டு மறியல் செய்தவர்களை அடித்து இழுத்துப்போய் உள்ளே வைத்தார்கள், அதுவும் செய்தியில் ‘பரபரப்பு’ என்று வந்தது. தீண்டாமை என்ற சொல்லை எடுத்துவிடு என்று எந்த அதிகாரியும் சேனலுக்குப் போன் போட்டிருக்க மாட்டார். போட வேண்டியதே இல்லை. 2020 ஏப்ரலில், ரேஷன் பொருள் முறைகேட்டையும் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களின் சாப்பாட்டுக் கஷ்டத்தையும் எழுதினதற்காகக் கோவையில் ஒரு செய்தி நிறுவனத்தின் நிறுவனரைக் கொள்ளைநோய்ச் சட்டத்தில் கைது செய்தார்கள். 1897இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அன்றைக்கு நம்ம கருத்துரிமைக்காரர்கள் சரியாகவே கண்டித்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். நடூரில் உள்ளே போனவர்களுக்காக அதே கைகள் எத்தனை கையெழுத்துப் போட்டன என்று நான் கேட்டால் இங்கே கோபப்படுவார்கள். கேட்டு வைக்கிறேன்.

தம்பிக்கு இப்போது முட்டிவலி, கம்பம் ஏற முடிவதில்லை. ஏறினாலும் வேலை இல்லை, பாதிப்பேர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனில் பார்க்கிறார்கள். போன மாசம் அவன் மகன் டீக்கடை ஒன்றில் எங்களுக்குத் தனி டம்ளரில் ஊற்றுவதைப் போனில் வீடியோ எடுத்தான். 2004இல் நாங்கள் மனு கொடுத்த கடையிலிருந்து இரண்டு மைல் தள்ளி இன்னொரு கடை. ஸ்டேசனுக்கு அவனோடு நானும் போனேன். ‘வீடியோ எடுக்க ஆரு உனக்குப் பர்மிசன் குடுத்தா?’ என்பதுதான் முதல் கேள்வி. கலவரம் தூண்டும் பதிவு என்று வழக்குப் போடலாம் தெரியுமா என்பது இரண்டாவது. போனை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். பதினோரு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் வீடியோ இல்லை. நாங்கள் கொடுத்த புகாருக்கு ரசீது இன்னும் தரவில்லை.